வண்டியின் ‘எர்த்’துக்கு ஒரு சொல்: ‘மீள்வழி’

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மினிவேன்களின் வயரிங் பழுதுகளுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘எர்த்’ என்பதற்கு இதுவரை மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன: புவியிணைப்பு, நிலத்தொடுப்பு, தரைக்கம்பி. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஒரு சொல் பிசகினால் அதைச் சார்ந்து வரும் ஏழெட்டுச் சொற்களும் பிசகும் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டு மின்னமைப்பில் எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் இறங்குகிறது. இயல்பான நேரத்தில் அதில் மின்னோட்டம் கிடையாது. ஏதேனும் ஒரு கருவியின் உலோக உறையில் மின்சாரம் ஏறிவிட்டால்தான் அதற்கு வேலை வரும். அதற்குப் ‘புவியிணைப்பு’ மிகப் பொருத்தமான பெயர்.

வேனுக்கும் மண்ணுக்கும் என்ன தொடர்பு? அது ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கிறது. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து தடித்த கம்பிகள் எஞ்சினுக்கும் இரும்பு உடலுக்கும் போகின்றன. பின்விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு என ஒவ்வொன்றுக்கும் நேர்மின் கம்பி தனியாக வருகிறது. வேலையை முடித்த மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்புவதோ பெரும்பாலும் வண்டியின் உடல் வழியாகத்தான். பின்விளக்கில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் இந்தப் பாதையிலும் ஓடியாக வேண்டும். இதைப் ‘புவி’ என்றோ ‘நிலம்’ என்றோ அழைத்தால், வீட்டு எர்த்தைப் போல இதுவும் ஆபத்துக் காலத்தில் மட்டும் உதவுவது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதிந்துவிடும். பாதையின் இந்தப் பாதியைச் சோதிக்கவே அவருக்குத் தோன்றாது.

ஆகவே என் முன்மொழிவு: மின்னோட்டம் திரும்பும் பாதை முழுவதும் ‘மீள்வழி’. கருவியிலிருந்து உடலுக்கு வரும் கம்பி ‘மீள்கம்பி’. அந்தக் கம்பியை உடலோடு போல்ட் வைத்து இறுக்கியிருக்கும் இடம் ‘மீள்முனை’.

இந்தச் சொல் பழுது பார்ப்பவருக்கு எப்படி உதவும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். வயதான வேன்களில் அடிக்கடி காணும் கோளாறு இது: விளக்குச் சுவிட்ச் அணைந்திருக்கிறது, ஆனால் பிரேக்கை மிதித்தால் முன்பக்கத்துச் சிறுவிளக்குகள் மங்கலாக எரிகின்றன. பார்ப்பவர்கள் சுவிட்சைக் குறை சொல்வார்கள், ரிலேயை மாற்றுவார்கள். நடந்திருப்பது வேறு. பின்விளக்குக் கூட்டில் பிரேக் விளக்குக்கும் சிறுவிளக்குக்கும் மீள்முனை பொதுவானது. ஆண்டுக்கணக்கில் ஈரம் பட்டு அந்த முனை துருவேறிவிட்டது. பிரேக் விளக்கின் மின்னோட்டத்துக்குத் திரும்பும் பாதை அடைபடவே, அது பக்கத்திலிருக்கும் சிறுவிளக்கின் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, அந்தச் சுற்றிலுள்ள மற்ற விளக்குகளைக் கடந்து, அவற்றின் நல்ல மீள்முனைகளைத் தேடிக்கொள்கிறது. ‘எர்த் சரியில்லை’ என்ற தொடர் இதைச் சொல்வதில்லை. ‘மீள்வழி அடைபட்டிருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் பழுதின் விளக்கத்தில் பாதி அந்தத் தொடரிலேயே வந்துவிடுகிறது.

அடைப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மீள்முனையில் 0.1 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால், மீட்டரின் சொந்தக் கம்பிகளே ஏறத்தாழ அவ்வளவு தடையைக் காட்டும். நாம் ‘இணைப்பு நன்றாக இருக்கிறது’ என்று எழுந்து போய்விடுவோம். அதே முனையில் 10 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே தொலைகிறது, 10 வாட் வெப்பமாகிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பதும் உருகுவதும் இதனால்தான். எனவே கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை விளக்கின் மீள்கம்பியிலும் தொட வேண்டும். சுழியத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 0.2 வோல்டைத் தாண்டினால் ஐயப்பட வேண்டும். அரை வோல்ட் வந்துவிட்டால் மீள்வழியைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் வேறு எதையும் மாற்றக் கூடாது. இந்த அளவீட்டுக்கு ‘மீள்வழி இழப்பு’ என்று பெயரிடலாம்.

இனி மறுப்புகள். மின்னணுக்கள் எதிர்முனையிலிருந்து புறப்படுகின்றன, அப்படியானால் உடல்தானே ‘செல்வழி’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆயினும் சுற்றுப்படங்கள் எல்லாமே மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போவதாகக் கொள்ளும் மரபைத்தான் பின்பற்றுகின்றன. பழுது பார்ப்பவர் கையில் விரித்து வைத்திருப்பதும் அந்தப் படத்தைத்தான். சொல் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். பேட்டரியின் நேர்முனையை உடலோடு இணைத்த பழங்காலக் கார்களும் உண்டு. அவற்றில் இந்தச் சொல் தலைகீழாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பட்டியல் மினிவேன்களுக்கானது, அவற்றில் உடலோடு சேர்வது எதிர்முனைதான்.

‘மீள்’ என்றால் ‘மறுபடியும்’ என்ற பொருள் வந்துவிடாதா என்பது இரண்டாவது மறுப்பு. மீள்பார்வை, மீள்பதிப்பு ஆகியவற்றில் அப்படி வருவது உண்மை. ஆனால் ‘போனவன் மீண்டான்’ என்னும்போது திரும்பி வருவதையே சொல்கிறோம். அந்தப் பொருள்தான் மூத்தது, இங்கே வேண்டியதும் அதுவே. ‘திரும்புவழி’ என்ற மாற்றுச்சொல்லை நான் வெறுக்கவில்லை. அதிலிருந்து கம்பிக்கும் முனைக்கும் சொல் ஆக்கும்போது நீண்டுபோகிறது, அவ்வளவுதான். பட்டறையில் புழங்கும் ‘பாடி எர்த்’ என்பதையும் பட்டியலில் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அதை நீக்கிவிட்டால் நம் பட்டியல் பட்டறைக்குப் போய்ச் சேராது.

அடுத்தது ‘மின்கசிவு’. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. தீவிபத்து என்றாலே செய்தித்தாள்கள் மின்கசிவு என்று எழுதிவிடுகின்றன. வேனில் இதே சொல்லுக்குள் முற்றிலும் வேறான இரண்டு பழுதுகள் ஒளிந்துகொள்கின்றன. முதலாவது, உறை தேய்ந்த நேர்மின் கம்பி இரும்பு உடலைத் தொட்டுவிடுவது. அப்போது பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் உருகுகிறது. இது கசிவே அல்ல, உடைப்பு. இதற்கு ‘உடற்குறுக்கு’ என்று முன்மொழிகிறேன். இப்படி உருகிய 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸுக்குப் பதிலாக 30 ஆம்பியர் பச்சையைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபியூஸ் காப்பது கம்பியை. கம்பியின் தடிமனுக்கு மீறிய ஃபியூஸைப் போட்டால் அடுத்த முறை உருகப்போவது கம்பிதான். விளக்கக் குறிப்பில் இந்த வரி கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி மெல்ல மெல்ல வடிவது. இதற்கு ‘ஒட்டுண்ணி மின்னோட்டம்’ என்று வந்திருக்கும் சொல் ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. அதோடு, குற்றமற்றதையும் குற்றம் சாட்டுகிறது. கடிகாரம், திருட்டு எச்சரிக்கை, தொலைச்சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் ஏற்பி ஆகியவை வண்டி உறங்கும்போதும் சிறிது மின்சாரம் எடுத்தே தீரும். அது ‘உறக்க மின்னோட்டம்’. பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். அதற்கு மேல் போவதை மட்டும் ‘உறக்கக் கசிவு’ என்போம். கணக்கைப் பாருங்கள்: அரை ஆம்பியர் கசிந்தால் நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி கொள்ளும் பேட்டரி ஐந்து நாளில் வெறுமையாகும். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு அத்தனை நாள்கூட வேண்டாம். ஒன்றை மறக்கக் கூடாது: கதவைப் பூட்டிய உடனே அளந்தால் எண் பெரிதாகத்தான் இருக்கும். எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் உறங்க அரைமணி நேரம்கூட ஆகலாம். ‘உறக்கம்’ என்ற சொல் அந்தக் காத்திருப்பையும் நினைவூட்டுகிறது.

எங்கள் குடும்ப வேனின் பின்கதவு வைப்பரும் எண்பலகை விளக்கும் அடுத்தடுத்து நின்றுபோனபோது தேவைப்பட்ட சொல் ஒன்று இன்னும் பட்டியலில் இல்லை. மேல்நோக்கித் திறக்கும் பின்கதவின் கீல் அருகே, ரப்பர் குழாய்க்குள் கம்பிகள் போகின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை அதே இடத்தில் மடங்குகின்றன. பக்கவாட்டில் நகரும் கதவுகளிலும் இதே நிலைதான். செம்பு இழைகள் ஒவ்வொன்றாகக் களைத்து ஒடிகின்றன. மேலுறை மட்டும் முழுசாக, புதிதுபோல இருக்கும். கடைசி இழை மிச்சமிருக்கும்வரை மீட்டர் ‘தொடர்ச்சி உண்டு’ என்றே காட்டும். மோட்டாரின் சுமை ஏறினால் வோல்ட் இறங்கிவிடும். எல்லா இழைகளும் ஒடிந்த பிறகும், கதவு ஒரு கோணத்தில் நிற்கும்போது ஒடிந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வேலை செய்யும். கம்பியை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தால் உறை மட்டும் ரப்பர்போல நீளும். இந்தப் பழுதுக்கு ‘உள்முறிவு’ என்று பெயர் வைப்போம். ‘கம்பி அறுந்துவிட்டது’ என்று சொன்னால் எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் அறுப்பைத் தேடுவார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய தொகுதியான ‘ஹார்னஸ்’ என்பதற்குக் ‘கம்பிச்சேணம்’ வேண்டவே வேண்டாம், சேணம் குதிரைக்குரியது. ‘கம்பிக்கோவை’ போதும். விட்டுவிட்டு வரும் பழுதுக்குத் தனிச்சொல் தேவையில்லை. ‘விட்டுவிட்டு வரும்’ என்பதே தெளிவாக இருக்கிறது. செம்பின் மேல் பூக்கும் பச்சைக்குக் ‘களிம்பு’ என்ற பழைய சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

இரண்டு இடங்களில் உங்கள் உதவி வேண்டும். ‘உடற்குறுக்கு’ எனக்கே முழு நிறைவு தரவில்லை, உடல்நோயின் பெயர்போல ஒலிக்கிறது. ‘குறுக்குச்சுற்று’ என்னும் வழக்குச் சொல்லைக் கைவிடாமல், உடலைத் தொட்டதால் வந்தது என்பதையும் குறிக்கும் சுருக்கமான வடிவம் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். மற்றொன்று, கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ‘கேன்’ தடத்தின் முறுக்கிய இரட்டைக் கம்பி. அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் வர வேண்டும், 120 வந்தால் ஒரு கோடி துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இரட்டைக் கம்பிக்கு ‘முறுக்கிணை’ என்றும், கோடியிலிருக்கும் தடைக்குக் ‘கோடித்தடை’ என்றும் தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். பட்டியலை அடுத்த முறை சுற்றுக்கு விடுமுன் இவ்விரண்டையும் முடிவு செய்துவிடலாம்.