டோக்கியோவில் பாரா பாரா ஆடுறவங்களை எங்கே பிடிக்கறது?

கேள்வி

வேலைக்காக ஜப்பான் வந்து நிஷிகசாய்ல வீடு எடுத்திருக்கேன். நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, கிரிக்கெட்டுக்கும் பொங்கலுக்கும் குறையில்ல. ஆனா எனக்குப் பைத்தியம் பாரா பாரா, அதாவது பாட்டுக்கு ஏத்தபடி எல்லாரும் ஒரே மாதிரி கையை வீசி ஆடற ஜப்பான் டான்ஸ். இனிஷியல் டிங்கற கார் ரேஸ் அனிமே பார்த்து, யூரோபீட்ங்கற வேகமான டான்ஸ் பாட்டுப் பக்கம் போய், வீடியோ பார்த்துக் கையாட்டிக் கத்துக்கிட்டவன். ஆபீஸ்ல ஜப்பான்காரங்ககிட்ட கேட்டா சிரிச்சு மழுப்பறாங்க. இன்னும் யாராவது ஆடறாங்களா? என் ஜப்பானிய மொழி கடைக்குப் போய்வர அளவுதான்.

பதில்

ஆடறாங்க தம்பி. ஆபீஸ்காரங்க ஏன் சிரிக்கறாங்கன்னு முதல்ல சொல்லிடறேன். 1999, 2000 வாக்குல இது நாட்டையே பிடிச்சு ஆட்டின சமாச்சாரம். பாப் நட்சத்திரம் கிமுரா தகுயா டிவியில ஆடிக்காட்டினார். கொனாமி கம்பெனி 2000ல பாராபாராபாரடைஸ்னு கையை வீசி ஆடற கேம் மெஷினே விட்டாங்க. முகத்தைக் கறுப்பாக்கி, முடியை வெளுத்து, உயரமான செருப்பு போட்ட ஷிபுயா பொண்ணுங்கதான் அதோட அடையாளம். அப்புறம் மோகம் வடிஞ்சுது. அதனால பொதுவா எல்லாருக்கும் இது பழைய டிவி நினைவு. ஆடறதை விடாதவங்க பெரும்பாலும் அன்னைக்கு இருபது வயசுல இருந்தவங்க, இன்னைக்கு நாற்பத்தஞ்சைத் தாண்டினவங்க. உங்க டீம்ல இருக்கிற முப்பது வயசுப் பையன்கிட்ட கேட்டுப் பிரயோஜனமில்ல.

இதுக்குன்னு ஒரு கட்டடத்தைத் தேடாதீங்க. அந்தக் காலம் முடிஞ்சுபோச்சு. ரொப்போங்கியில ஏவெக்ஸ்ங்கற இசைக் கம்பெனி நடத்தின வெல்ஃபாரே டிஸ்கோ 1994ல திறந்து 2006 முடிவோட மூடிட்டாங்க. கிளப்காரங்க இன்னும் பெருமூச்சோட பேசற ககுராசகா ட்வின்ஸ்டார் 2003லயே போயிடுச்சு. (நீங்க தினம் ஏறுற அதே தோசாய் லைன்தான் அதுக்கும்.) இப்போ எல்லாம் நிகழ்ச்சி கணக்கு. ஒரு டிஜே குழு மாசத்துக்கு ஒரு தடவையோ, தோணும்போதோ ஒரு கிளப்பை எடுத்து நடத்துவாங்க. இடம் மாறும், ஆள் மாறாது. அதனால பின்தொடர வேண்டியது டிஜேக்களையும் ஆடறவங்களையும்தான்.

தேடறது எக்ஸ் தளத்துல, கத்தகானா எழுத்துல. பாரா பாரான்னு மட்டும் போட்டா உதிரி உதிரியா ஃபிரைட் ரைஸ் செய்யறது எப்படின்னு வரும், பக்கத்தைப் புரட்டி ஓட்டற படப் புத்தகம் வரும். கூடவே யூரோபீட்னு சேர்த்துப் போடுங்க. அப்புறம் ரென்ஷூகாய்னு ஒரு சொல். கூடிப் பயிற்சி பண்றது. அதையும் சேர்த்துத் தேடினா ஆடற கூட்டம் நேரா மாட்டும். ஒரு நிகழ்ச்சி கிடைச்சதும் அதோட போஸ்டர்ல இருக்கிற பேர்களை எல்லாம் ஃபாலோ பண்ணுங்க, மீதி தன்னால வரும்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, என்ன வகை. யூரோபீட்டுக்கு ஆடறது ஒண்ணு, டெக்னோவுக்கு ஆடற டெக்பாரா வேற, டிரான்ஸுக்கு ஆடற டொராபாரா வேற, அனிமே பாட்டு ரீமிக்ஸுக்கு ஆடற அனிபாரா வேற. கூட்டமும் கொஞ்சம் வேற வேறதான். ரெண்டாவது, சாதாரண டிஸ்கோ ராத்திரின்னா பாரா பாரா கொஞ்ச நேரம் மட்டுமே இருக்கலாம். டைம்டேபிள் போட்டிருப்பாங்க, அதைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

யூரோபீட் கேட்கறவங்க எல்லாரும் ஆடறவங்க இல்லைங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க. யோகோஹாமா பக்கம் டைகோகு பார்க்கிங்ல காரை நிறுத்திட்டு அதே பாட்டைப் போடற கூட்டம் இருக்கு. நல்ல மனுஷங்கதான், ஆனா அவங்க பேச்சு முழுக்க டர்போவும் டயரும். உங்ககிட்ட கார் இல்லாட்டி அங்கே போறதே பெரும்பாடு.

இப்போ முக்கியமான சமாச்சாரம். போறதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டையாவது முழுசாக் கத்துக்கோங்க. பத்துப் பாட்டுல அரைகுறையாத் தெரியறது வேலைக்காகாது. இதுல ஒவ்வொரு பாட்டுக்கும் கை அசைவு தனித்தனியா நிர்ணயிச்சது, அதுக்குப் பேர் ஃபுரி. கால் வலம் இடம் மாறிக்கிட்டே இருக்கும், வேலை எல்லாம் கைக்குத்தான். கும்மியில ஒருத்தி தட்டு மாத்தினா வட்டமே குழம்புமே, அந்தக் கதைதான் இங்கேயும். பாட்டு நிமிஷத்துக்கு நூத்தம்பது அடிக்கு மேல ஓடும், யோசிச்சு ஆட நேரம் கிடையாது. ஆனா ஒரு சௌகரியம் உண்டு. சிந்தசைசர் ஓடற முன்பகுதி, ஏ-மெலோ, பி-மெலோன்னு பாடற ரெண்டு பகுதி, பல்லவி மாதிரி வர்ற சபி, இவ்வளவுதான் ஒரு சுற்று. அடுத்த சுற்றுக்கும் பொதுவா அதே ஃபுரி. நைட் ஆஃப் ஃபயர்ல ஆரம்பிக்கலாம், பழைய ஆளுங்க அத்தனை பேருக்கும் தெரியும். ஆடறவங்களோட முதுகு தெரியற வீடியோவைப் பார்த்துக் கத்துக்கோங்க. முகம் தெரியறதைப் பார்த்தா இடது வலது குழம்பும், சிலது கண்ணாடிபோலத் திருப்பி எடுத்தது, சிலது அப்படி இல்ல.

புக் ஆஃப் மாதிரி பழைய பொருள் கடைகள்ல சூப்பர் யூரோபீட் சிடி மலிவாக் கிடைக்கும். 1990ல ஆரம்பிச்சு 2018ல 250வது தொகுப்பு வரைக்கும் வந்த வரிசை, அதனால கடையில பஞ்சமே இல்ல. ஃபுரி சொல்லித்தர்ற பழைய டிவிடியும் அதே அலமாரியில மாட்டும். பாட்டுல பாதிக்கு மேல இத்தாலிக்காரங்க வேலை, மாந்தோவா, பிரேஷா பக்கத்து ஸ்டூடியோக்கள்ல இங்கிலீஷ்ல பாடி ஜப்பானுக்கு அனுப்பினது. வேற எங்கேயும் அவ்வளவாப் போணியாகாத சரக்கு இங்கே மட்டும் இத்தனை வருஷம் ஓடினது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வீட்டுல ஆடினா ஹெட்போன் போட்டு, சாக்ஸ் போட்டு ஆடுங்க, கீழ் வீட்டுக்காரர் நேரா வரமாட்டார், மேனேஜ்மென்ட் கம்பெனியிலேருந்து கடுதாசி வரும். மேற்கு ஷின்ஜுகுவில பெரிய கட்டடங்களோட கண்ணாடி முன்னாடி ராத்திரியில பசங்க டான்ஸ் பழகறதைப் பார்க்கலாம். மணிக்கணக்குல வாடகைக்கு விடற கண்ணாடி ஸ்டூடியோவும் ஊர் முழுக்க உண்டு.

கிளப் வாசல்ல அடையாள அட்டை கேப்பாங்க, பெரும்பாலும் இருபது வயசு ஆகியிருக்கணும். ரெசிடென்ஸ் கார்டை எப்பவும் கையில வெச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு, அதைக் காட்டினாப் போதும். சில்லறையா கேஷ் வெச்சுக்கோங்க, லாக்கருக்கு நூறு யென் காசு தேவைப்படும். நுழைவுக் கட்டணத்தோட டிரிங்க் டிக்கெட் வரும், அதுக்கு ஊலாங் டீ கேட்டா யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டாங்க. முதல் தடவை பின்வரிசையில நில்லுங்க. ஒதாச்சிதாய்னு உயரமா ஒரு மேடை இருந்தா, யாராவது கூப்பிடற வரைக்கும் அதுல ஏறாதீங்க. முன்னாடி ஆடறவங்களை அனுமதியில்லாம வீடியோ எடுக்கவே எடுக்காதீங்க. அதுல பாதிப்பேர் ஆபீஸ்ல இதைப் பத்தி மூச்சு விடாதவங்க.

பேச்சைப் பத்திக் கவலை வேண்டாம். நீங்க முழு ஃபுரியும் ஆடறதைப் பார்த்தாலே பாட்டு முடியறப்போ பக்கத்துல ஒருத்தர் திரும்பி ஏதாவது கேப்பார். தெரியாத பாட்டு வந்தா ‘ஃபுரி ஒஷியெத்தே குதசாய்’னு (ஃபுரி சொல்லிக்கொடுங்க) சொல்லுங்க, மூலைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பாங்க. உண்மைப் பேர், லைன் ஆப் ஐடி எல்லாம் உடனே கேக்காதீங்க. புனைபேரும் எக்ஸ் கணக்கும் போதும். அவங்க ரென்ஷூகாய்க்குக் கூப்பிட்டா, அப்பத்தான் உள்ளே வந்தாச்சுன்னு அர்த்தம்.

தமிழ்நாடுன்னு சொல்லிப் பாருங்க, அந்த வயசுக்காரங்கள்ல சிலர் முத்துன்னு சொல்வாங்க. 1998ல அந்தப் படம் ஓடினது ஷிபுயா சினிமா ரைஸ்ல. இவங்க ஆடிக்கிட்டிருந்த அதே பேட்டை.

இன்னொரு பதில்

அண்ணா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க, குறிப்பா தனியாப் போற பொண்ணுங்க. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போயிடும், அடுத்தது காலை அஞ்சு மணி வாக்குலதான். நடுராத்திரி மூணு மணிக்கு அலுத்துப்போனா டாக்ஸிக் கட்டணம் அழவெச்சுடும். அதனால முதல் தடவை சாயங்காலமே முடியற நிகழ்ச்சியாப் பார்த்துப் போங்க. குழந்தைகுட்டி உள்ளவங்க கூட்டம்ங்கறதால பகல்ல நடக்கறதும் இருக்கு, அங்கேதான் நிம்மதியாப் பேசவும் முடியும். ரொப்போங்கி, கபுகிச்சோ தெருவுல கூப்பிடற ஆள் பின்னாடி எந்தக் காரணத்துக்கும் போகாதீங்க, நிகழ்ச்சி நடக்கற கிளப்புக்கு மேப் பார்த்து நேராப் போங்க.

முடிஞ்சப்புறம் சேர்ந்து சாப்பிடப் போவாங்க, செலவை ஆளுக்குச் சமமாப் பிரிப்பாங்க. சைவம்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, காய்ச் சாறுலயும் தாஷிங்கற மீன் சாறு இருக்கலாம். எதாமாமேவும் (வேகவெச்ச பச்சை சோயா) உருளை வறுவலும் எங்கேயும் உண்டு.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. என் ரூம்மேட் மொழிப் பள்ளி மாணவன். அந்த மாதிரி கிளப்புல பார்ட்-டைம் வேலை கிடைச்சா உள்ளேயே இருக்கலாமேங்கறான். சரிவருமா?

பதில்

வேண்டவே வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. மாணவர் விசாவுல வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்க அனுமதி வாங்கலாம், ஆனா கேளிக்கைத் தொழில் சட்டத்துல உரிமம் வாங்கின இடங்கள்ல பாத்திரம் கழுவக்கூட முடியாது. எந்த கிளப் அதுல வருது, எது வராதுன்னு வாசல்ல நின்னு கண்டுபிடிக்க முடியாது. 2016ல டான்ஸ் விதியைத் தளர்த்தினாங்களே, அது கிளப் நடத்தறவங்களுக்கு. பையன் டிக்கெட் வாங்கிட்டு ஆடறதுல ஒரு தப்பும் இல்ல. நீங்களும் வேலை விசாவுலதான் இருக்கீங்க, பின்னாடி யாராவது காசு கொடுத்து மேடையில ஆடக் கூப்பிட்டா முதல்ல இமிக்ரேஷன்ல தனி அனுமதி தேவையான்னு கேளுங்க.