உலோகம் சேர்க்காமலே ஊசலாடும் கரைசல்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லாஸ்பேட்டைவாசி:

பெலூசோவ்–ஜபோட்டின்ஸ்கி வினை (அமிலத்தில் புரோமேட்டும் ஒரு கரிமப் பொருளும் உலோக வினையூக்கியும் சேர, கரைசல் இரு நிலைகளுக்கிடையே மாறி மாறி அலைவது) இங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. நான் சொல்வது சீரியம், மாங்கனீசு, ஃபெர்ராயின் என்ற அந்த உலோக வினையூக்கிகள் எதுவும் சேர்க்காதது. புதுச்சேரியில் முதுகலை கடைசிப் பருவத்தில் எனக்குக் கொடுத்த தலைப்பு அது. காலிக் அமிலம், பொட்டாசியம் புரோமேட், கந்தக அமிலம், அவ்வளவுதான். கரைசல் மஞ்சளாகிப் பழுப்பாகும். வெறுங்கண்ணுக்கு வேறொன்றும் தெரியாது. பிளாட்டினம் மின்முனையை இறக்கி மின்னழுத்தத்தை வரைந்தால்தான் விஷயம் புலப்படும். கோடு வெகுநேரம் சும்மா கிடக்கும். பிறகு திடீரென ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரைபடத் தாளை ஒற்றை விரலால் என் பக்கமே தள்ளினார். "வினையூக்கி இல்லாமல் அலைவு எங்கிருந்து வரும்? குடுவையில் பழைய சீரியம் ஒட்டியிருக்கும். நன்றாகக் கழுவப் பழகுங்கள்" என்றார். 1978-லேயே ஹங்கேரியின் கொரோஷும் ஓர்பானும் 'நேச்சர்' இதழில் எழுதிவிட்ட சங்கதி இது. நகல் என் பையில்தான் இருந்தது. எடுப்பதற்குள் அடுத்த மாணவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மதிப்பெண்ணில் குறை வைக்கவில்லை. பாவம் பார்த்துப் போட்டது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கெடிலக்கரை:

நானும் பார்த்திருக்கிறேன். கடலூரில் ஓர் அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தோம். காலிக் அமிலம் இல்லை, சைக்ளோஹெக்சேன்டையோன். சாதாரண வினையில் கார்பன் டை ஆக்சைடு குமிழி வந்து அலைகளைக் கெடுத்துவிடும்; இதில் குமிழியே வராது. தட்டையான கண்ணாடித் தட்டில் சிவப்புப் பரப்பின் நடுவே ஒரு நீலப் புள்ளி தோன்றி வளையமாக விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் முட்டிய இடத்தில் இரண்டுமே மறைந்தன. கூட நின்ற ஒரு சிறுமி "எங்கே போச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

முத்தியால்பேட்டை:

கெடிலக்கரை நண்பரே, சிவப்பு, நீலம் என்றால் ஃபெர்ராயின். ஃபெர்ராயின் என்றால் இரும்பு. தலைப்பை ஒருமுறை படித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

லாஸ்பேட்டைவாசிக்கு: அந்தத் தேர்வாளர் கேட்ட கேள்வியில் தப்பில்லை, பதிலுக்குக் காத்திராததுதான் தப்பு. சீரியம் அங்கே என்ன செய்கிறது? புரோமேட்டிலிருந்து தன்னூக்கத்தில், அதாவது விளைபொருளே வினையை முடுக்க, பெருகும் புரோமின் டை ஆக்சைடு தனியுறுப்புகளுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. காலிக் அமிலம் போன்ற பீனால் வகைச் சேர்மங்களுக்கு அந்த எலக்ட்ரானைக் கொடுக்கத் தாமே தெரியும். கொடுத்துவிட்டுக் குயினோன் என்ற ஆக்சிஜனேறிய வடிவத்தின் பக்கம் நகர்கின்றன. புரோமின் ஏறிய சேர்மங்களிலிருந்து புரோமைடு வெளியேறித் தன்னூக்கத்தை அடக்குகிறது. புரோமைடு தீர்ந்ததும் மறுபடி ஆட்டம். ஆக ஒரே கரிமப் பொருள் முடுக்கவும் செய்கிறது, கடிவாளம் போடவும் செய்கிறது. ஓர்பான், கொரோஷ், நோயஸ் மூவரும் 1979-இல் இதை வினைவழியாகவே எழுதினார்கள். என் சொந்த அனுபவம் என்றால், அனிலினை வைத்து ஒருமுறை செய்தேன். கருப்பாகிவிட்டது. அவ்வளவே.

கெடிலக்கரை:

ஃபெர்ராயின் நான் சேர்த்தது கண்ணுக்குத் தெரிவதற்காக, ஒரு சொட்டு. அது இல்லாமலும் அந்த வினை அலையும்.

முத்தியால்பேட்டை:

அலையும். ஆனால் நீங்கள் பார்த்தது அதை அல்ல. சேர்த்த பிறகு ஃபெர்ராயின் வெறும் நிறங்காட்டியாக ஒதுங்கி நிற்காது, வினையிலும் கை வைக்கும்.

பழையநகரம் (ஆய்வக உதவியாளர், ஓய்வு):

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி இந்த வினையோடு மல்லுக்கட்டினாள். கோடு அசையவே இல்லை. நான் அவள் குடுவையிலிருந்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன், பால் போல வெளுத்தது. தண்ணீரில் குளோரைடு. கதை அவ்வளவுதான்.

இனிச் செய்பவர்கள் கவனியுங்கள். புரோமேட் அலைவுகளுக்குக் குளோரைடு பெரும் பகை. நம் கடற்கரைப் பக்கத்துக் கிணற்று நீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கடைசியில் வாலைவடிநீரால் அலசியே தீரவேண்டும். அடுத்தது, பிளாட்டினத்துக்கு ஒப்பீடாக வைக்கும் மின்முனை. காலமல் மின்முனைக்குள் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, அது மெல்லக் கசியும். மெர்குரஸ் சல்பேட் மின்முனை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் நடுவில் பொட்டாசியம் நைட்ரேட் உப்புப் பாலம் போடுங்கள். கலக்கியின் வேகத்தை இடையில் மாற்றாதீர்கள். புரோமேட்டைத் தாளில் கொட்டி எடை போடாதீர்கள், அது கடும் ஆக்சிஜனேற்றி. 2016-இல் நம் நாட்டில் ரொட்டியில் சேர்க்கக் கூடாது என்று விலக்கிய அதே பொருள்தான். புரோமின் ஆவி வரும், புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மாலையில் இருமுவார்கள்.

லாஸ்பேட்டைவாசி தம்பி எந்த மின்முனை வைத்தார் என்று சொல்லவில்லையே?

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை:

எல்லோரும் புரோமேட்டிலேயே நிற்கிறீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் அயோடேட்டும் போதுமே! பெர்க்லியில் பிரே என்ற வேதியியலாளர் 1921-இல் எழுதியது, பெலூசோவுக்கு முப்பது ஆண்டு மூத்தது. அமிலம் சேர்த்துச் சுமார் 60 டிகிரியில் வைத்தேன். ஆக்சிஜன் பொங்கி வந்தது, அடங்கியது. வினை முடிந்துவிட்டது என்று குடுவையை எடுக்கக் கை நீட்டினேன், மறுபடி பொங்கியது. அதற்கு மேல் பார்க்க விடாமல் மின்தடை வந்து தண்ணீர்த் தொட்டி ஆறிவிட்டது.

பிரேயையும் நம்பவில்லை, தெரியுமா? தூசியால் வந்த வேலை என்றார்கள். பெலூசோவின் கட்டுரையையும் இப்படி நடக்காது என்று திருப்பி அனுப்பினார்கள். லாஸ்பேட்டைவாசிக்குச் சீரியம் கிடைத்தது, பிரேக்குத் தூசி.

முத்தியால்பேட்டை:

அதில் அயோடேட்டே வினையூக்கிதானே, ஆசிரியரே?

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை:

ஆமாம். அயோடேட்டில் உலோகம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைவாசி:

பழையநகரம் ஐயா, காலமல்தான், நைட்ரேட் பாலத்தோடு. சீரியம் உப்பு எங்கள் துறையின் இருப்புப் பதிவேட்டிலேயே கிடையாது. அதை அன்றைக்குச் சொல்லத் தோன்றியது, சொல்ல இடம் கொடுக்கவில்லை.

பண்ருட்டி மாணவன்:

முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயில் பீனால் வகைச் சேர்மங்கள் உண்டு என்று படித்தேன். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அதை வைத்து அலைவு வருமா?

பழையநகரம்:

தம்பி, அந்தப் பீனாலுக்குப் பின்னால் பதினைந்து கார்பன் நீளத்துக்கு வால் இருக்கிறது. தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். கையில் பட்டால் கொப்புளம் வேறு. கடுக்காயிலிருந்து காலிக் அமிலம் பிரிக்கப் பாருங்கள். அதற்கும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.