புதுப்பிப்பு: காமிக் கானுக்குப் போய் வந்துவிட்டேன்

முதல் முறையாகக் காமிக் கான் என்னும் சித்திரக்கதை ரசிகர் விழாவுக்குப் போகிறேன், கையெழுத்து வாங்க எந்த இதழை எடுத்துப்போவது, கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். "காலையிலேயே ஓவியர்கள் அமரும் பகுதிக்குப் போய்விடு" என்று பலரும் சொன்னீர்கள். அப்படியே செய்தேன். மனமார்ந்த நன்றி!

கதவு திறந்த அரை மணி நேரத்தில், பென்சில் படத்துக்கு மையிடும் ஓவியர் ஒருவரின் மேசை முன்னால் நின்றேன். ஸ்பைடர்மேன் பக்கம் ஒன்றின் மூலத்தை எடுத்துக் காட்டினார். 11க்கு 17 அங்குலத் தாள். அச்சில் நாம் பார்ப்பது அதன் சுருக்கப்பட்ட வடிவம். மைக்கு அடியில் நீலப் பென்சில் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. தாளைச் சற்றே சாய்த்தபோது, முகமூடியின் கண்ணோரம் வெள்ளை பூசித் திருத்திய இடம் மேடாகத் தெரிந்தது. அந்த வலைக்கோடுகள் ஒவ்வொன்றையும் ஒருவர் கையால் இழுத்திருக்கிறார்! எனக்குப் பேச்சே வரவில்லை.

கையெழுத்தும் கிடைத்தது. மை நன்றாகக் காய்ந்த பிறகே இதழை உறையில் போடுங்கள். அவரே சொன்ன அறிவுரை இது.

விழாவுக்கு வந்திருந்த நடிகர் ஒருவரைப் பார்க்கும் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு விலகினேன். ஆனாலும் கூட்டத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை. 1970இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் சுமார் 300 பேருடன் தொடங்கிய விழாவுக்கு இன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் இத்தனை பேர் இருப்பது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி!

அடுத்த முறை வெற்று ஓவிய நோட்டு ஒன்றையும் கொண்டுபோகிறேன்.