பெர்ன்காப் அட்லஸ் படத்தை வகுப்பில் காட்டலாமா?

கேள்வி: அறுவைப்பாடம்

முழங்கால் அறுவைக்குப் பின் வரும் நரம்புவலி பற்றி முதுநிலை மாணவர்களுக்கு ஒரு வகுப்பு. காலின் உட்புறத் தோலுக்கு உணர்வு தரும் சஃபீனஸ் நரம்பிலிருந்து மூட்டின் முன்பக்கம் வரும் கிளையைக் காட்ட வேண்டும். வியன்னா உடற்கூறியலாளர் பெர்ன்காப் தொகுத்த உடற்கூறு அட்லஸில் இருப்பதுபோல் தெளிவான படம் வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆனால் நாஜி ஆட்சி கொன்றவர்களின் உடல்களைப் பார்த்து வரைந்தவை என்கிறார்கள். எல்லாப் படங்களுமா, சிலவா? ஓவியரின் கையெழுத்தை வெட்டிவிட்டுப் போட்டால் போதுமா?

பதில் 1: வியன்னா

அட்லஸின் முதல் பாகம் 1937இல் வந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டதும் பெர்ன்காப் வியன்னா மருத்துவப் புலத்தின் தலைவரானார். வியன்னா பல்கலைக்கழகமே விசாரித்து 1998இல் அறிக்கை கொடுத்தது: மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களில் குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அவருடைய உடற்கூறு நிறுவனத்துக்கு வந்திருக்கின்றன. நகரத்திலேயே கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியில் கொன்று உடனே அனுப்பியதால் உடல்கள் கெடாமல் கிடைத்தன.

எந்தப் படம் யாருடைய உடல் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. 1937க்கு முந்தைய தேதியுள்ள படத்துக்குச் சந்தேகம் குறைவு. தேதியில்லாததையும் போர்க்காலத்ததையும் ஐயத்துக்குரியதாகவே வையுங்கள்.

கையெழுத்தை மட்டும் வெட்டாதீர்கள். அட்லஸின் ஓவியர்களில் லெப்பியர் தன் பெயரோடு நாஜிகளின் ஸ்வஸ்திகாவைச் சேர்த்தார். என்ட்ரெஸ்ஸர் தன் பெயரின் இரட்டை 's' எழுத்தை நாஜிகளின் எஸ்.எஸ். படையின் சின்னமாகவே எழுதினார். பிந்தைய பதிப்புகளில் பதிப்பகம் இவற்றை அழித்தது. அதனால்தான் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வெட்டினாலும் அதே வேலைதான் நடக்கும். பார்த்து வரைந்து 'திருத்திய படம்' என்று போடுவது இன்னும் மோசம். மூலம் அடியோடு மறைந்துவிடும்.

பதில் 2: நரம்புமேசை

இந்தக் கேள்விக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர் சூசன் மெக்கின்னன் அறுவையின் நடுவே இந்த அட்லஸைப் பார்த்துத்தான் நரம்பைக் கண்டுபிடித்தார். பிறகு, பயன்படுத்தியது சரியா என்று கேட்டார். யூத மதகுரு (ரப்பி) ஜோசப் போலாக் 2017இல் எழுதிய 'வியன்னா நெறிமுறை' அதற்குப் பதில் சொல்கிறது: நோயாளியைக் காப்பாற்றப் பயன்படுத்தலாம், ஆனால் இந்தப் படங்கள் என்னவென்று எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

அந்த அனுமதி நோயாளியின் தேவையை வைத்துத்தான். வகுப்பறையில் அந்த நெருக்கடி இல்லை, மாற்று தேட அவகாசம் இருக்கிறது. ஆகவே நான் காட்டமாட்டேன். காட்டியே தீர வேண்டுமென்றால், படத்துக்கு மேலேயே, அடிக்குறிப்பாக அல்ல, இப்படிப் போடுங்கள்: 'பெர்ன்காப் அட்லஸ், வியன்னா. நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் உடலிலிருந்து வரையப்பட்டிருக்கலாம். அவர்கள் ஒப்புதல் தரவில்லை.' அந்த ஸ்லைடில் குறைந்தது ஒரு நிமிடம் இதைப் பேசுங்கள். கோப்பாகப் பகிராதீர்கள், குறிப்பில்லாமல் படம் மட்டும் சுற்றத் தொடங்கிவிடும்.

பதில் 3: டிசெக்‌ஷன் ஹால்

படம் அழகாக இருப்பதால் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் கேட்கும் கிளை சிலருக்குத் தொடையின் சார்டோரியஸ் தசையின் பின்னால் வரும், சிலருக்கு அதைத் துளைத்து வரும், சிலருக்கு முன்னால் வரும். அட்லஸ் காட்டுவது ஒரே அமைப்பு. கத்தி வைக்கும் இடத்தைத் தீர்மானிக்க அது போதாது.

கொடையுடலில் (உயிரோடிருந்தபோது ஒப்புக்கொண்டு தானமாகக் கொடுத்தவரின் உடல்) நீங்களே பிரித்துப் படமெடுங்கள். கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஏறிய உடலில் நரம்பும் சவ்வும் ஒரே வெளிர்நிறம். கொழுப்பை இழுத்து அகற்றினால் கிளை அதோடு போய்விடும். தடித்த தண்டை முதலில் பிடித்து, பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியோடு, நரம்பின் திசையிலேயே கத்தரியை விரித்துக்கொண்டு போங்கள். அடியில் நீல அல்லது மஞ்சள் துண்டை நுழைத்து, அளவுகோலையும் வைத்து எடுங்கள். ஈரம் பளபளத்தால் கேமராவில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) போடுங்கள். மூன்று அமைப்புக்கும் ஒவ்வொரு படமாவது தேவை.

அறுவைப்பாடம்: எங்கள் ஹாலில் உரிமை கோரப்படாத உடல்களும் உண்டு. அவற்றில் எடுக்கலாமா, டாக்டர்?

டிசெக்‌ஷன் ஹால்: வேண்டாம். படிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அந்த மனிதரை யாரும் கேட்கவில்லை. சர்வதேச உடற்கூறு சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் கொடையுடல்களையே பரிந்துரைத்தது. கொடையுடலிலும் ஒப்புதல் படிவத்தைப் பிரித்துப் பாருங்கள்: 'கற்பித்தலுக்கு' என்று மட்டும் இருந்தால் படம் எடுக்க அது போதாது. படமெடுக்கவும் வெளியே காட்டவும் தனி வரி, தனிக் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு தொடங்குங்கள்.