செவன் சிஸ்டர்ஸ் குன்றுல ஆடு மேயணுமா வேணாமா?

கடல்காத்து: ஞாயித்துக்கிழமை இங்கிலாந்துல சசெக்ஸ் கடலோரம் சீஃபோர்ட்ல இருந்து ஈஸ்ட்போர்ன் வரைக்கும் செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புக் குன்று மேலயே நடந்தோம், செம வெயில், வானம்பாடி தலைக்கு மேல நிறுத்தாம பாடுது, ஆனா ஒரு சரிவு முழுக்க செம்மறி ஆடு மேஞ்சு மொட்டையடிச்சு வெச்சிருக்கு, ஒரு பூ கிடையாது. 2010லயே நேஷனல் பார்க் ஆக்கிட்டு ஆட்டுப்பட்டி நடத்துறாங்க. ஆட்ட ஓட்டிட்டு சும்மா விட்டா இயற்கை தானா வரும்.

சுண்ணாம்புக்கல்: தானா வர்றது முள்ளுப்புதர்தான் பாஸ். அங்க சாக்ஹில் ப்ளூ பட்டாம்பூச்சி பாத்தீங்களா? வெள்ளி கலந்த வெளிர்நீலம், ஓரத்துல கருப்புக் கரை. அதோட புழு ஹார்ஸ்ஷூ வெட்ச்னு ஒரே ஒரு செடியத்தான் தின்னும், அது தரையோட படர்ற குட்டிச் செடி, புல்லு ஒசந்தா அவ்ளோதான், அமுங்கிப் போயிடும்.

கடல்காத்து: பாத்தேன், ஆட்டுப் புழுக்கை மேல ஏழெட்டு உக்காந்து உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சு 😂

சுண்ணாம்புக்கல்: ஆம்பளப் பூச்சிங்க உப்புச்சத்துக்காக அப்படித்தான் மொய்க்கும். ஆடு இல்லனா அதுவும் போச்சு!

பச்சமொளகா: ரெண்டு பேரும் நெப் எஸ்டேட்ட மறந்துட்டீங்க. அதே சசெக்ஸ்தான், 2001ல இருந்து விவசாயத்த விட்டுட்டு நிலத்த அதும் போக்குல விட்டாங்க, இன்னைக்கு நைட்டிங்கேல் குருவி என்ன, பர்ப்பிள் எம்பரர் பட்டாம்பூச்சி என்ன. 2020ல வெள்ளை நாரை குஞ்சே பொரிச்சுது.

சுண்ணாம்புக்கல்: அங்கயும் மாடு, பன்னி, குதிரை எல்லாம் மேயுது, யாரும் மேய்ச்சல நிறுத்தல. அதோட அது களிமண்ணு, இது மெல்லிசா மண்ணு மூடின சுண்ணாம்புப் பாறை. சத்து கம்மி, அதனாலதான் ஒரு செடி இன்னொன்ன அமுக்காம ஒரு சதுர மீட்டர்ல நாப்பது வகை வரைக்கும் வளருது. மேய்ச்சல் நின்னா என்ன ஆகும்னு பிரிட்டன் ஏற்கனவே பாத்தாச்சு. 1953ல மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து புல்ல மேஞ்சுக்கிட்டு இருந்த முயலெல்லாம் கொத்துக் கொத்தா செத்துச்சு, பல இடத்துல புல்லு ஒசந்து தரை குளுந்து போச்சு, லார்ஜ் ப்ளூ பட்டாம்பூச்சியோட புழுவ வளக்குற எறும்புக்கு சூடான கட்டைப்புல் தரைதான் வேணும், எறும்பு போச்சு, 1979ல பூச்சியே நாட்டுல இல்லாம போச்சு. அப்புறம் ஸ்வீடன்ல இருந்து கொண்டுவந்து விட வேண்டியதாயிடுச்சு.

கடல்காத்து: சரி, வானம்பாடிக்கு? அது தரையிலதான் கூடு கட்டும், மொட்டைப் புல்லுல முட்டைய எங்க ஒளிக்கும்? ஸ்டோன்சாட் குருவி உக்காந்து கத்துறதுக்கும் புதர்தானே வேணும். உங்களுக்கு பட்டாம்பூச்சி மட்டும்தான் உசுரா.

பச்சமொளகா: 👆 இதுக்கு பதில் சொல்லுங்க

சுண்ணாம்புக்கல்: அதுக்குத்தான் மாத்தி மாத்தி மேய விடணும், ஒரு பக்கம் கட்டை, ஒரு பக்கம் முழங்கால் உசரம், நடுவுல நாலு புதர். வருஷம் முழுக்க ஒரே இடத்துல அடைச்சா தப்புதான், அத நான் எங்க இல்லனு சொன்னேன்? வானம்பாடிக்கு ஆட்ட விட நாய்தான் பிரச்சனை, கயித்துல பிடிக்காம அவுத்து விட்டுட்டு செல்ஃபி எடுக்குறாங்க, அவங்கள கேளுங்க. நீங்க சொல்ற மொட்டைச் சரிவு மாதிரி எடத்துலதான் ஆகஸ்ட் கடைசில 'ஆட்டம் லேடீஸ் ட்ரெஸஸ்'னு (Autumn lady's-tresses) ஒரு ஆர்க்கிட் வரும், விரல் நீளத்துல வெள்ளைப்பூ சுருள் சுருளா ஏறும், ஒசந்த புல்லுல தேடினாலும் கிடைக்காது.

கடல்காத்து: ஆகஸ்ட் கடைசில போறேன். பூ இல்லனா போட்டோ எடுத்து உங்களத்தான் டேக் பண்ணுவேன்.