அல்கோன்குவினில் தாய் மூஸும் எங்கள் கால அட்டவணையும்

ஒன்ராறியோவின் அல்கோன்குவின் காட்டுப் பூங்காவில் முகாமிட்டபோது கரடியைச் சந்தித்த அனுபவங்களை இங்கே பலர் எழுதிவிட்டீர்கள். நான் மூஸ் என்ற பெரிய மானைப் பற்றி எழுதுகிறேன்.

ஜூலை முதல் வாரம். ரொறன்ரோவிலிருந்து நான், மைத்துனர், பன்னிரண்டு வயது மகன். கனூ ஏரியில் கனூவை (துடுப்புப் படகை) இறக்கி, ஜோ ஏரி, டெப்பீ ஏரி வழியாக டாம் தொம்சன் ஏரியில் இரண்டு இரவுகள் தங்குவது திட்டம். (அந்த ஏரிக்குப் பெயர் தந்த ஓவியர் டாம் தொம்சன் 1917இல் இறந்தது நாங்கள் புறப்பட்ட கனூ ஏரியில்தான்.) ஏரியைத்தான் முன்பதிவு செய்ய முடியும், முகாமிடத்தை அல்ல. முதலில் போய்ச் சேருகிறவருக்கே நல்ல இடம். அதனால் மைத்துனர் மணிக்கணக்குப் போட்டு அட்டவணை எழுதியிருந்தார்.

அட்டவணை கரையிலேயே பிந்தத் தொடங்கியது. உட்காட்டுக்குள் தகரமும் போத்தலும் கொண்டுபோகக் கூடாது. மனைவி கொடுத்துவிட்ட சீனிச்சம்பலைப் போத்தலிலிருந்து பைக்கு மாற்றினோம். பிறகு ஜோ ஏரிக்கு முன்னால் 295 மீட்டர் போர்ட்டேஜ், அதாவது கனூவையும் பைகளையும் தரைவழியே சுமக்கும் பாதை. பைகளை ஒரு நடை, திரும்பி வந்து கனூவை ஒரு நடை என்றால் அது 885 மீட்டர். வரைபடத்தில் உள்ள தூரத்தை எப்போதும் மூன்றால் பெருக்குங்கள்.

டெப்பீ ஏரியைக் கடந்ததும் மகன் துடுப்பை நிறுத்திக் கையை நீட்டினான். ஒடுங்கிய நீர்வழியில், அல்லி இலைகளுக்கு நடுவே, தாய் மூஸ் ஒன்று தலை முழுவதையும் நீருக்குள் அமிழ்த்தியிருந்தது. காதுகூடத் தெரியவில்லை. தலையைத் தூக்கியபோது முகவாயிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது. வாயில் ஒரு தண்டு தொங்க, அது மென்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நீர்த்தாவரங்களில் உள்ள உப்புச்சத்துக்காகக் கோடையில் இப்படி இறங்குமாம். அப்போதுதான் கரைப் புதருக்குள் கன்று நிற்பதைக் கண்டோம்.

கன்றோடு இருக்கும் தாயை நெருங்கக் கூடாது. ஆனால் காற்று எங்களை அதன் பக்கமே தள்ளியது. பேசாமல், துடுப்பை நீரிலிருந்து எடுக்காமல், பின்னோக்கித் தள்ளித் தள்ளி நின்றோம். நாற்பது நிமிடம். மைத்துனர் ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஏரியின் நல்ல முகாமிடங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. முகாமிடத்தைக் காட்டும் செம்மஞ்சள் அடையாளப் பலகை ஒன்றைத் தேடிப் பிடித்துக் கரையேறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உணவுப் பையைக் கரடிக்கு எட்டாதபடி தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தொங்கவிட வேண்டும். நுளம்புக்கடியில், நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், கயிறு ஐந்தாவது வீச்சில்தான் கிளையில் விழுந்தது. இந்த வேலைக்காவது பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூஸுக்கு இன்னொன்று.

அடுத்த கோடையில் பர்ன்ட் ஐலண்ட் ஏரிக்குப் போக விரும்புகிறோம். திறந்த பெரிய ஏரி, காற்றுக்கு மறைவு குறைவு. சிறுவர்களோடு அதைக் கடந்தவர்கள் காலை எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள்?