செட்டிநாட்டு வீட்டில் லேண்ட்லைன் இருக்கட்டுமா, சரண்டர் பண்ணிவிடலாமா?

ஊருணிக்கரை:
காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல வீடுகளில் இப்போது இதே பேச்சுதான். செப்புக் கம்பி லைன் கரகரக்கிறது, ஃபைபருக்கு மாறச் சொல்கிறார்கள். பிள்ளைகளோ "ஆளுக்கொரு செல் இருக்கு, இதுக்கு எதுக்கு மாசாமாசம் வாடகை?" என்கிறார்கள். வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதானவர்கள் இரண்டு பேர். வைத்துக்கொள்வதா, விடுவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

செல்லேபோதும்:
விட்டுவிடலாம். லேண்ட்லைனுக்கு எல்லோரும் சொல்லும் பெரிய காரணம் "கரண்ட் போனாலும் பேசலாம்" என்பது. அது செப்புக் கம்பியோடு போயிற்று. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் டிசி அந்தக் கம்பி வழியே வீட்டுக்கு வரும். மணி அடிக்க அதே கம்பியில் சுமார் 75 வோல்ட் ஏசி அனுப்புவார்கள். அதனால் போனுக்கு வீட்டு மின்சாரமே தேவைப்படவில்லை. ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். அதைக் குரலாக்க ஓஎன்டி பெட்டி வேண்டும், பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்டை நிறுத்தினால் போனும் அந்த நிமிஷமே செத்துவிடும். செல்போன் சார்ஜ் தீரும்வரை பேசும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கும் செல் வேண்டும். பிறகு எதற்கு இரண்டு?

மூன்றாம்கட்டு:
செல் பேசும், சரி. சிக்னல் எங்கே? நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. கனத்த செங்கல் சுண்ணாம்புச் சுவர், முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி, பின்கட்டில் தகரக் கூரை. முகப்பில் நாலு கோடு காட்டும் போன் அடுப்படிக்குப் போனால் ஒரு கோடுகூட இல்லாமல் நிற்கும். எண்பது வயது அப்பத்தா செல்லை எங்கே வைத்தோம் என்று தேடுவார். பக்கத்துப் பட்டன் அழுந்தி சத்தம் குறைந்திருக்கும், அது அவருக்குத் தெரியாது. லேண்ட்லைன் மணி வைத்த இடத்தில்தான் அடிக்கும். பட்டாலைக் கூடத்தில் ஒன்று, பின்னால் மூன்றாம் கட்டுப் பகுதியில் அதே லைனில் பேரலலாக இன்னொன்று என்று வைத்தால் எங்கே இருந்தாலும் கேட்கும். உதவிக்கு வரும் ஆள் மாறினால் அவருடைய செல் நம்பரும் அவரோடு போய்விடும். லேண்ட்லைன் நம்பர் வீட்டோடு இருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது புதுக்கோட்டைப் பக்கம் செல் டவர்கள் படுத்ததையும் மறக்க வேண்டாம்.

செல்லேபோதும்:
அந்தப் புயலில் கம்பமும் சாய்ந்தது, கம்பத்தில் போன கேபிளும் அறுந்தது. அதை லேண்ட்லைன் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சுவர்ப் பிரச்சினைக்கு வைஃபை காலிங் இருக்கிறது. செல்லில் சிம் செட்டிங்ஸ் போய் ஆன் செய்தால் போதும், டவர் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபையில் கால் வரும். ஆனால் பெட்டியை முகப்பில் வைத்துவிட்டு அடுப்படியில் எதிர்பார்க்கக் கூடாது. வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை நம் சுவர் இரண்டைத் தாண்டாது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தனிப் பெயர் கொடுத்து, பெரியவர்கள் செல்லை அதில் மட்டும் இணையுங்கள். அதுவும் பற்றவில்லை என்றால் கேட்-6 நெட்வொர்க் ஒயர் இழுத்து இரண்டாம் கட்டில் இன்னொரு வைஃபை பெட்டி. அந்த ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும், நீளமான வீட்டுக்கும் போதும்.

டிபிபாக்ஸ்:
அண்ணே, நீங்கள் சொல்லும் வைஃபை காலிங்கும் அதே ஓஎன்டியை நம்பித்தான் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் நிற்கும். ஆகவே லேண்ட்லைனா செல்லா என்பதற்கு முன்னால் அந்தப் பெட்டிக்கு பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கணக்கு இது. ஓஎன்டி ஏறத்தாழ 8 வாட் இழுக்கும். கடையில் "8800 எம்ஏஎச்" என்று போட்ட மினி யூபிஎஸ் கொடுப்பார்கள். அந்த எண் பெரும்பாலும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. பெருக்கினால் 32 வாட்-அவர். மாற்றும்போது வீணாவது போக மூன்றரை மணி நேரம் வந்தால் பெரிது. 12 வோல்ட் 7 ஏஎச் ஈய பேட்டரியில் 84 வாட்-அவர் உண்டு. அதை முழுக்க வடித்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் பாதியைத்தான் எண்ண வேண்டும்: ஐந்து மணி நேரம். நாள் முழுக்க நிறுத்தினால் இரண்டுமே பற்றாது.

வீட்டில் 150 ஏஎச் இன்வெர்ட்டர் இருந்தால் தனி பேட்டரியே வேண்டாம். ஆனால் தவறு இங்கேதான் நடக்கிறது. லைன் போட வருபவர் பக்கத்தில் இருக்கும் பிளக்கில் அடாப்டரைச் சொருகிவிட்டுப் போவார். அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. மெயினை இறக்கிவிட்டு எந்த பிளக்கில் கரண்ட் இருக்கிறதோ அதில்தான் சொருக வேண்டும். இன்வெர்ட்டரில் 'யூபிஎஸ்' சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும் கணத்தில் ஓஎன்டி அணைந்து, திரும்ப எழ இரண்டு மூன்று நிமிஷம் ஆகும்.

கார்ட்லெஸ் போனுக்கும் ஒரு எச்சரிக்கை. அதன் அடித்தட்டுக்குத் தனி அடாப்டர் உண்டு. லைன் செப்பாக இருந்தாலும் கரண்ட் இல்லையென்றால் அது மணி அடிக்காது. ஒயர் உள்ள சாதா போன் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

ஊருணிக்கரை:
பழைய நம்பரும், வீட்டுக்குள் போன பழைய ஒயரும் ஃபைபரிலும் உதவுமா? கறுப்பு டயல் போன் ஒன்று இன்னும் நன்றாக இருக்கிறது.

டிபிபாக்ஸ்:
அதே நிறுவனத்தில் செப்பிலிருந்து ஃபைபருக்குப் போனால் நம்பரை வைத்துக்கொள்ளக் கேளுங்கள். சரண்டர் செய்துவிட்டுப் புது இணைப்பு எடுத்தால் போன நம்பர் போனதுதான்.

பழைய ஒயர் உதவும், ஆனால் ஒரு காரியத்தை முதலில் செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் செப்பு ஜோடியை ரோசெட் பெட்டியில் (சுவரில் போன் ஒயர் இணையும் சின்னப் பெட்டி) கழற்றி, முனை இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். அதன் பிறகுதான் ஓஎன்டியின் போன் துளையிலிருந்து வீட்டு ஒயருக்கு இணைப்பு. கழற்றாமல் சேர்த்தால் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் நேரே ஓஎன்டிக்குள் ஏறும், போன் துளை எரிந்துவிடும்.

டயல் போனில் பேசலாம், வரும் காலை எடுக்கலாம். ஆனால் பல ஓஎன்டிக்கு டயல் சுற்றும் துடிப்பு புரியாது, அதனால் அதிலிருந்து கூப்பிட முடியாமல் போகலாம். உள்ளே இருப்பது நிஜ மணி. ஓஎன்டி அனுப்பும் மணி மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் அளவுக்கு வலுவாக இருக்காது என்பதால், பேரலல் இரண்டு மூன்று இருந்தால் 'டிக் டிக்' என்று நின்றுவிடும். பட்டாலையில் அழகுக்கு அது இருக்கட்டும், பக்கத்தில் பெரிய பட்டன் போன் ஒன்று வையுங்கள்.

மூன்றாம்கட்டு:
ஃபைபர் உள்ளே வரும் வழியைச் சொல்லுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த பூச்சில் ஓட்டை போட்டு சிமெண்ட் அடைத்தால் அந்தக் கறை போகவே போகாது.

டிபிபாக்ஸ்:
சுவரைத் தொடவே வேண்டாம், ஆச்சி. பழைய போன் ஒயர் நுழைந்த ஓட்டை எங்கேயாவது நிச்சயம் இருக்கும், அதிலேயே விடச் சொல்லுங்கள். உள்ளே தேக்கு உத்தரத்தின் மேல்விளிம்பில் ஓட்டலாம், கதவு நிலையில் நசுங்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். மூலையில் மடக்கும்போது பழைய ரூபாய் நாணயத்தை விட இறுக்கமாக வளைத்தால் வெளிச்சம் கசியும், ஓஎன்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரியும். கேபிளோடு வரும் எஃகுக் கம்பியை வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். இடி விழுந்தால் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அந்தக் கம்பி கடத்தும். முனையில் பச்சைத் தலை வந்தால் பச்சைத் துளையில்தான் போட வேண்டும். நீலத்தில் சொருகினால் உட்காரும், ஆனால் சிக்னல் பாதியில் செத்துவிடும்.

செல்லேபோதும்:
இவ்வளவு வேலைக்குப் பதில் சிம் போடும் மேசை போன் வாங்கலாமே? உள்ளேயே பேட்டரி, பெரிய பட்டன், சத்தமான மணி.

டிபிபாக்ஸ்:
வாங்கலாம், முகப்பில் சிக்னல் நன்றாக இருக்கும் வீட்டுக்கு அது போதும். 4ஜி வோல்டே (4ஜியிலேயே குரல் போகும் வசதி) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவை பல 2ஜி. ஜியோ சிம் அதில் வேலையே செய்யாது.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு, பங்காளிகள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வருகிறார்கள் என்றால், நானும் அண்ணன் பக்கம்தான். எடுக்க ஆளில்லாத மணிக்கு வாடகை வேண்டாம். விடுவதற்கு முன் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். காலமான ஐயா பேரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். ஊரில் எல்லோரும் கூடும் நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் லைன் இருக்கட்டும். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடிக்கும்போது 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 சேர்க்க வேண்டும். பிள்ளைகள் நம்பரை அந்த 0-வோடு பெரிதாக எழுதி போனுக்கு மேலே ஒட்டுங்கள், 108-ஐயும் சேர்த்து. அடுத்த முறை கரண்ட் நிறுத்தும் நாளில் மதியம் இரண்டு மணிக்கு வெளியூரிலிருந்து ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.